காதில் விழாத சாவு

பெயரை மாற்றிப் போடட்டுமா என்று தேவசேனாவிடம் கேட்டேன். "வேண்டாம். என் பேரையே போடுங்கோ. எனக்கு அது வேணும்" என்றாள். அதனால் இதில் பெயரும் உண்மை, ஊரும் உண்மை, நடந்ததும் உண்மை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேயைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவே இல்லை. அவள் தலை குனிந்தது வேறு இடங்களில். அந்த இடங்கள் வரும்போது உங்களுக்கே தெரியும்.

செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதிது புதிதாக முளைத்த நகர்கள் வரும். மாடிக்கு மாடி வெள்ளைக்காரர்களுக்கு வாடகை அறை, வாசலுக்கு வாசல் ஸ்கூட்டி, காம்பவுண்ட் சுவரில் கேமரா இருக்கிறது என்று ஒரு எச்சரிக்கைப் பலகை. எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் மலை தெரியும். அதைச் சொல்லித்தான் மனையே விற்றார்கள். அப்படி ஒரு நகரின் கடைசித் தெருவில், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு இரண்டு வீடுகள். ஒன்று அண்ணாமலையார் கோயிலில் பூஜை செய்யும் சுந்தரேஷ் குருக்களுடையது. தேவசேனா அவன் மனைவி. இன்னொன்று தியாகேசனுடையது. சுந்தரேஷின் தாத்தாவும் தியாகேசனின் அப்பாவும் அண்ணன் தம்பிகள். சுந்தரேஷுக்கு அவர் முறைக்குச் சித்தப்பா, சுத்தமான பங்காளி.

தியாகேசனுக்கு மனைவி இல்லை. மகன் இல்லை. ஒரே மகள் வித்யாலக்ஷ்மி, வேலூரில் வாழ்க்கைப்பட்டவள். சாயங்காலமானால் பூஜை அறையில் மணி அடிப்பார், இருமுவார், செருப்பைத் தேய்த்துத் தேய்த்து வீட்டுக்குள் நடப்பார். நடுச்சுவர் வழியாக இதெல்லாம் தேவசேனாவுக்குக் கேட்கும். அவருடைய இருமலை வைத்தே அன்றைக்கு அவர் உடம்பு எப்படி என்று சொல்லிவிடுவாள்.

இந்தக் கதைக்கு ஒரு சமாசாரம் தெரிந்திருக்க வேண்டும். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பத்து நாள் தீட்டு. குருக்களாக இருந்தால் அந்தப் பத்து நாளும் சன்னிதிப் பக்கம் போக முடியாது. கோயிலில் அவருக்கு வர வேண்டிய முறை இன்னொருவருக்குப் போய்விடும். ஆனால் இதில் ஒரு சந்து உண்டு. சாவு எப்போது நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. உன் காதில் எப்போது விழுந்தது என்பதுதான் கேள்வி. காதில் விழாத வரைக்கும் தீட்டு ஒட்டாது. அதனால் முறை நடக்கிற நாட்களில் குருக்கள் வீட்டில் போனை எடுக்கிற ஆள் கெட்டிக்காரியாக இருக்க வேண்டும். தேவசேனா கெட்டிக்காரி.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு சுந்தரேஷின் முறை. இதற்கு முன்னால் இரண்டு தடவை வந்து கை நழுவிப் போயிருந்தது. ஒரு தடவை பங்காளி வீட்டில் குழந்தை பிறந்தது, இன்னொரு தடவை ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்தார். இரண்டாவது தடவை சுந்தரேஷ் மொட்டை மாடியில் தனியாக நின்று தீபம் பார்த்துவிட்டு, கீழே வந்து குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதான். தண்ணீர் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது என்று நினைத்தான். அவளுக்குக் கேட்டது.

இந்தத் தடவை கொடியேற்றத்துக்கு முன்பே தியாகேசனின் இருமல் மாறிவிட்டது. அடியில் ஏதோ கிழிகிற மாதிரி ஒரு சத்தம். தேவசேனா பயந்துபோனாள். அவர் உடம்பை நினைத்து இல்லை.

அவள் எதிர்வீட்டுக்குப் போனாள். அடி அண்ணாமலையிலிருந்து வந்து குடியேறிய திரௌபதியும் பரசுராமனும் அங்கே இருந்தார்கள்.

"சித்தப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க ஆத்துக்கு மட்டும் சொல்லிடாதீங்கோ. தீபம் முடியட்டும்."

திரௌபதி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "அதுக்கு இன்னாங்க, சொல்லலை. ஆனா அவரு நல்லாத்தானே இருக்காரு?"

"ஒரு பேச்சுக்குத்தான்."

அந்த ஒரு பேச்சைத் தெருவில் எல்லா வீட்டிலும் பேசிவிட்டு வந்தாள். அதோடு விட்டாளா? வேலூருக்கும் போன் போட்டாள்.

"வித்யா, தப்பா எடுத்துக்காதே. அப்பாவுக்கு எதாவதுன்னா... தீபம் ஆகற வரைக்கும் எங்க காதுல போடாதே."



"சரி மன்னி" என்று சொல்லிவிட்டு வித்யா வைத்துவிட்டாள்.

உயிரோடு இருக்கிற மனிதரின் சாவைப் பற்றி அவர் பெற்ற பெண்ணிடமே பேசியாகிவிட்டது. அப்போது தேவசேனாவுக்குத் தன் சாமர்த்தியத்தில் பெருமைதான் வந்தது. இப்போது அதைச் சொல்லும்போது புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்கிறாள்.

தேருக்கு முந்தின நாள் பொழுது விடிகிற நேரத்தில் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. தேவசேனா ஜன்னல் திரையை ஒரு விரல் அளவு விலக்கினாள். வித்யாவும் அவள் கணவனும் தியாகேசனைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனார்கள். கார் கதவருகே அவர் நின்றார். திரும்பினார். நேராக இந்த ஜன்னலைப் பார்த்தார். கையைக் கொஞ்சம் தூக்கினார்.

தேவசேனா திரையை விட்டுவிட்டாள்.

வழி அனுப்பச் சொல்லித் தூக்கிய கையா, ஒரு வார்த்தை சொல்லத் தூக்கிய கையா, தெரியாது. வெளியே போய் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். பார்த்தால் ஏதாவது பேசவேண்டி வரும், பேசினால் ஏதாவது காதில் விழும். அவள் அடுப்படிக்குப் போய்ப் பாலைக் காய்ச்சினாள்.

அன்று முழுக்கப் பக்கத்து வீடு சத்தமில்லாமல் கிடந்தது.

மறுநாள் தேர். சுந்தரேஷ் இருட்டோடு கிளம்பிப் போனவன், பெரிய தேரில் சாமி பக்கத்தில் நின்றான். பார்க்க அவளுக்கும் ஆசைதான். ஆனால் கூட்டத்தில் யாராவது பங்காளி எதிரே வந்து வாயைத் திறந்துவிட்டால்? வீட்டிலேயே இருந்து டிவியில் பார்த்தாள். மடித்துக் கட்டிய வேட்டியும் வியர்வையுமாக அவன் முகம் திரையில் வந்து போனபோது தொட்டுக் கும்பிட்டாள். போனை அணைத்துப் பரண்மேல் வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம், விளக்கேற்றுகிற நேரம்.

நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது.

தேவசேனா கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டுச் சுவரில் காதை வைத்தாள். அவரேதான். பின்னாலேயே செருப்புத் தேய்கிற சத்தம். சர்ர்ர்... சர்ர்ர்... அப்புறம் மணி.

"அப்பாடா" என்றாள் வாய்விட்டு. டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். கார் வந்தது தெரியவில்லை, டிவி சத்தத்தில் கேட்காமல் போயிருக்கும். அன்றைக்கு அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

தூங்கி எழுந்து வாசல் தெளிக்கப் போனபோது பக்கத்துக் கேட்டைப் பார்த்தாள். துணிப்பை தொங்கியது. உள்ளே பால் பாக்கெட்டுகள். ஒன்று இல்லை... நேற்றையதும், அதற்கு முந்தின நாளையதும் சேர்ந்து உப்பிக் கிடந்தன.

கேட்டில் பூட்டு தொங்கியது. வெளிப்பக்கம்.

பின்கட்டு வழியாகப் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டாள். அங்கே பின்கட்டுக்கு வழியே கிடையாது. கட்டும்போதிருந்து கூட இருந்தவள், அது அவளுக்குத் தெரியும். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுப் பால் பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து சாக்கடையில் ஊற்றினாள். சுந்தரேஷ் திரும்பி வரும்போது அவன் கண்ணில் படக் கூடாது. அதுதான் அப்போதைய யோசனை.

குழந்தையின் பாலைத் திருடுவது போல இருந்ததாம். ஊற்றும்போது கை கூசியது என்றாள். ஆனாலும் ஊற்றி முடித்தாள்.

அன்று சாயங்காலம் சுந்தரேஷ் கொஞ்ச நேரம் வீட்டுக்கு வந்திருந்தான். மணிச் சத்தம் கேட்டது.

"சித்தப்பா பூஜை பண்றார் பார்த்தேளா" என்றாள் சந்தோஷமாக.

அவன் காதைக் கொடுத்துக் கேட்டான். "எங்க? ஒண்ணும் கேக்கலையே."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் காதுக்குள் குடைகிற அளவுக்கு.

"உங்களுக்கு தேர்ச்சத்தம் இன்னும் காதுல இருக்கு" என்று சிரித்துச் சமாளித்தாள். அவன் போன பிறகு சிரிப்பு நின்றது.

அதற்கப்புறம் அவள் கவனிக்க ஆரம்பித்தாள். கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

மணி அடிக்கிறது. ஆனால் சாம்பிராணி வாசனை வரவில்லை.

அடுத்த நாள் கரண்ட் போனது. தெருவே அடங்கியபோது இருமல் தெளிவாகக் கேட்டது. மனிதன் இருமினால் நடுவில் மூச்சு இழுப்பான். இந்த இருமலில் மூச்சு இல்லை. வெறும் இருமல். மறுபடி இருமல். மறுபடி...

செருப்புச் சத்தம் சுவர் வரைக்கும் வந்து நிற்கும். திரும்பிப் போகிற சத்தம் கேட்காது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தூரத்திலிருந்து ஆரம்பித்து, சுவர் வரைக்கும் வரும்.

பின்பக்கத்துச் சுவர் அருகே துணி உலர்த்தும்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டாள்.

"சித்தப்பா... சாப்ட்டேளா?"

"ஆச்சும்மா."

குரல் சுவருக்கு அடியில், தரையோடு தரையாக வந்தது.

அவள் திரும்பினாள். எதிர்வீட்டு மாடியில் திரௌபதி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா" என்றாள். "யார்கிட்ட பேசினு இருந்தீங்க?"

"சித்தப்பாகிட்டத்தான்."

திரௌபதி வாயைத் திறந்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் இங்கே வரை கேட்டது.

அந்த இடத்தில் தேவசேனாவுக்குத் தெரிந்துவிட்டது. இதை அவள் என்னிடம் மறைக்கவில்லை. தெருவுக்கே தெரியும், தனக்கு மட்டும் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது தானே என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் யாரும் வாயால் சொல்லவில்லையே! காதில் விழவில்லையே! அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். தீபத்துக்கு இன்னும் ஒரு ராத்திரிதான் இருந்தது.

தீபத்தன்று மாலை.

தெருவில் எல்லோரும் மாடியில். மலையில் ஏற்றினால்தான் வீட்டில் ஏற்ற வேண்டும் என்பதால், வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இருட்டில் நின்றார்கள். தேவசேனாவும் கைப்பிடிச் சுவர்மேல் அகல்களை வரிசையாக வைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, தீப்பெட்டியோடு காத்திருந்தாள். அந்த நிமிஷம் சுந்தரேஷ் கோயிலுக்குள்ளே நின்றுகொண்டிருப்பான். இரண்டு தடவை கை நழுவிப் போன இடத்தில். அதை நினைத்ததும் அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. எல்லாம் இதற்காகத்தானே?

ஆறு மணிக்கு இன்னும் சில நிமிஷம்.

பக்கத்து மாடியில்... சர்ர்ர்.

அவள் திரும்பவில்லை.

சர்ர்ர்... சர்ர்ர்...

இரண்டு மாடிக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். சத்தம் அதுவரை வந்து நின்றது.

"தேவசேனா."

கண்ணை மலையிலிருந்து எடுக்கவில்லை அவள். கழுத்து வலித்தது.

"எங்காத்து அகலையும் நீயே எடுத்துக்கோம்மா."

காற்று நின்றிருந்தது.

"இந்த வருஷம் எங்களுக்கு ஏத்தறதுக்கில்லை."

எந்த வீட்டில் தீபம் ஏற்ற மாட்டார்கள்? சின்னக் குழந்தைக்கும் தெரியும். சாவு விழுந்த வீட்டில்.

சொல்லிவிட்டார். எதைச் சொல்லக் கூடாது என்று ஊரெல்லாம் கதவு கதவாகப் போய்க் கேட்டுக்கொண்டாளோ... அந்தச் செய்தியை செத்தவரே வந்து சொல்லிவிட்டார்.

காதில் விழுந்துவிட்டது.

இப்போது தீப்பெட்டியைக் கீழே வைக்க வேண்டும். இறங்கிப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். அழ வேண்டும். அவர் கையால் எத்தனை தடவை விபூதி வாங்கியிருக்கிறாள்.

"உன் காதுல விழலைன்னு வச்சுக்கோ" என்றது குரல்.

கோபமாக இல்லை. பரிவாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் வாய் திறந்தது. திறந்தது அவள்தான், வேறு யாரும் இல்லை.

"விழலை சித்தப்பா."

மலை உச்சியில் பொறி தெரிந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" ஊரே கத்தியது. தெரு முழுக்க மாடிக்கு மாடி விளக்குகள் எரிய ஆரம்பித்தன. கேட்ட காதோடு, பதில் சொன்ன வாயோடு, அவளும் ஏற்றினாள். ஒன்று விடாமல் ஏற்றினாள்.

அந்த வெளிச்சத்தில்தான் பக்கத்து மாடியைத் திரும்பிப் பார்த்தாள்.

யாரும் இல்லை.

தரையில் ஒரு மாதத் தூசி. அதில் ஒரு காலடி இல்லை. ஒரு கோடு இல்லை.

எதிர் மாடியில் திரௌபதி குழந்தைகளை இழுத்துக் கட்டிக்கொண்டு, மலையைப் பார்க்காமல் தேவசேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுந்தரேஷ் வீட்டுக்கு வந்தபோது முகம் ஜொலித்தது. கண்ணில் தூக்கம், கையில் பிரசாதம். "எல்லாம் உன்னாலதான்" என்றான். அவள் அவன் காலில் விழுகிற மாதிரிக் குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். புருஷன் வாயால் இப்படி ஒரு வார்த்தை கேட்க எத்தனையோ பெண்கள் தவம் கிடப்பார்கள். அவளுக்கு அது செருப்படியாக இருந்தது.

முறை முடிந்த அன்று பரண்மேலிருந்து போனை எடுத்தாள். வித்யாவைக் கூப்பிட்டாள்.

"நீங்களே கூப்பிடுவேள்னு இருந்தேன் மன்னி" என்றாள் வித்யா. குரலில் கோபமே இல்லை. "தேர் அன்னிக்கு விடியற்காலம் போயிட்டார். அன்னிக்கே பாலாத்தங்கரையில தகனமும் ஆச்சு. தெருவுல திரௌபதிக்கு மட்டும் போன் பண்ணினேன். உங்க காதுல விழக்கூடாதுன்னு அவகிட்டயும் சொன்னேன்."

தேர் அன்று. அப்படியானால் அன்று சாயங்காலம் கேட்ட முதல் இருமலே...

"மன்னிச்சுடு வித்யா" என்றாள். "நான் பண்ணினது..."

"எனக்கு வருத்தமாத்தான் இருந்தது மன்னி. இல்லேன்னு சொல்ல மாட்டேன். பிள்ளை இல்லாதவர், பங்காளியும் வரலேன்னா யார் கொள்ளி வைப்பான்னு கலங்கிப் போயிட்டேன். சாஸ்திரிகள் வேற, பங்காளி யாராவது இருக்கேளான்னு சத்தம் போட்டுக் கேட்டார். எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்தது." வித்யா மூக்கை உறிஞ்சினாள். "அப்பத்தான் பின்னால இருந்து 'நான் இருக்கேன்'னு அண்ணா முன்னாடி வந்தார்."

"எந்த... அண்ணா?"

"சுந்தரேஷ் அண்ணாதான். வேற யார் வருவா? தலையிலேர்ந்து ஈரத்துண்டு போட்டு மூடிண்டிருந்தார். முகத்தைக் கூடச் சரியா பார்க்கலை. குடம் உடைச்சார், கொள்ளி வச்சார், எல்லாம் பண்ணினார். அவ்வளவு பெரிய முறையை விட்டுட்டு வந்தாரே மன்னி! அது போதும் எனக்கு. உங்க மேல இருந்த கோபமெல்லாம் அன்னிக்கே போயிடுத்து."

அந்த நேரத்தில் சுந்தரேஷ் தேர்மேல் இருந்தான். ஊரே பார்த்தது. பரசுராமன் வடம் பிடித்து இழுத்தவன், அவனும் பார்த்தான். தேவசேனாவே டிவியில் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள் வித்யா. "திரும்பிப் போறச்சே என் தலையில கை வச்சு, 'அழாதே பாப்பு'ன்னார். சின்ன வயசுலேர்ந்து அப்பா மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார். அதுவும் தனியா இருக்கறச்சேதான். அண்ணாவுக்கு எப்படித் தெரியும்?"

வந்தது யார் என்று தேவசேனாவுக்குத் தெரிந்துவிட்டது. பங்காளி யாரும் வராததால், வரவிடாமல் இவள் பார்த்துக்கொண்டதால், ஒரு மனிதர் தன் சிதைக்குத் தானே தீ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அண்ணாகிட்ட போனைக் குடுங்கோ மன்னி. அன்னிக்கு ஒரு வார்த்தை நன்றி கூடச் சொல்லலை."

சுந்தரேஷ் கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தான். சித்தப்பா இல்லை என்பதே அவனுக்கு இன்னும் தெரியாது. பக்கத்து வீட்டை இடக்கையால் காட்டி, "சித்தப்பாவுக்குப் பிரசாதம் கொண்டுபோய்க் குடுத்தியா?" என்றான்.

அவள் போனை அவனிடம் நீட்டினாள். முகத்தைத்தான் அவன் பக்கம் தூக்க முடியவில்லை.

"வித்யா பேசறா" என்றாள். "சித்தப்பாவுக்குக் கொள்ளி வச்சதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணுமாம்."